தாளில் எவ்வளவு ஈரம்? நீர்வண்ணம் தொடங்குபவர்களுக்கு

ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்கலாம். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்று, சாதாரண டிராயிங் தாள் ஒன்று, நீர்வண்ணத்துக்கென்றே செய்த பஞ்சுத் தாள் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணீராகக் கரைத்த நீலத்தால் ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் நிரப்புங்கள். நோட்டுத் தாள் நீலத்தைப் பட்ட இடத்திலேயே குடித்துவிடும். தூரிகை போன தடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும், தாளும் நெளிய ஆரம்பிக்கும். டிராயிங் தாளில் நிறம் கொஞ்சம் நகரும், ஆனால் திட்டுத் திட்டாகக் காயும். இரண்டாவது முறை தூரிகையைத் தேய்த்தால் தாள் உரிந்து சின்னச் சின்னத் துகள்களாக உருளும். பஞ்சுத் தாளில் மட்டும் நீலம் கண்ணாடித் தகடு மாதிரி பளபளவென்று மேலேயே நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் அதை அங்கே இங்கே நகர்த்தலாம். காய்ந்த பிறகு பார்த்தால் ஒரே சீரான நீலம்.

தூரிகை அதேதான், வண்ணம் அதேதான், கையும் அதேதான். நான் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தது வரையத் தொடங்கி இரண்டு வருடம் கழித்து. அதுவரை “எனக்குக் கை வரவில்லை” என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வண்ணப் பெட்டியை இரண்டு முறை மாற்றினேன், தூரிகைகளாக வாங்கிக் குவித்தேன். தாளை மட்டும் மாற்றவே இல்லை, ஏனென்றால் தாள் என்பது வெறும் தாள்தானே என்ற எண்ணம். இன்று யாராவது கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கைத் தாளுக்கு ஒதுக்குங்கள். வண்ணத்தில் சிக்கனம் பிடிக்கலாம், தூரிகையில் இன்னும் சிக்கனம் பிடிக்கலாம். தாளில் பிடித்தால் நீங்கள் கற்க வேண்டியதைக் கற்கவே முடியாது. நீர்வண்ணம் பழகுவதென்றால் தண்ணீர் தாளில் என்ன செய்கிறது என்று பார்த்துப் பழகுவது. தாள் சரியில்லாவிட்டால் தண்ணீர் பார்ப்பதற்கு எதையும் செய்யாது.

இது ஏன் என்று புரிய, நீர்வண்ணம் என்பது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். நன்றாக அரைத்த நிறமித் தூள், அதைத் தாளோடு ஒட்டவைக்க வேலமரப் பிசின், சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரினோ தேனோ. அவ்வளவுதான் உள்ளே இருப்பது. தண்ணீர் ஊற்றினால் பிசின் கரையும், நிறமித் துகள்கள் மிதக்கும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் தாளின் இழைகளுக்கு நடுவே தங்கிவிடும். மேலே படிவது மிக மெல்லிய படலம், அதனால் வெளிச்சம் அதன் ஊடே புகுந்து, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. நீர்வண்ண ஓவியத்தில் தெரியும் அந்த ஒளி முழுக்கத் தாளுடையது. வெளிர் நீலம் வேண்டுமென்றால் வெள்ளை வண்ணம் கலக்க மாட்டோம், தண்ணீரைக் கூட்டுவோம். முழு வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவோம்.

இதை ஒரு மதக் கட்டளைபோல் எடுத்துக்கொண்டு வெள்ளை வண்ணத்தைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. 1502இல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்த முயல் படத்தில் நீர்வண்ணத்தோடு ஒளிபுகா வண்ணமும் இருக்கிறது. வெளிச்சம் படும் ரோமங்களை வெள்ளையால்தான் தீட்டியிருக்கிறார். ஆனாலும் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு வெள்ளைக் குழாயை எடுத்து ஒளித்து வைப்பது நல்லது. அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் தாளின் வெள்ளையைக் காப்பாற்றும் பழக்கமே வராது.

தாளுக்குள் என்ன இருக்கிறது

பஞ்சுத் தாளில் நீலம் மேலேயே நின்றது ஏன்? தாள் என்பது இழைகளின் பின்னல். அதை அப்படியே விட்டால் மையுறிஞ்சும் தாள்தான்; தண்ணீரைத் தொட்டதும் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத் தாளுக்கு ஒரு பசை ஏற்றுவார்கள். கூழாக இருக்கும்போதே கலப்பது ஒரு வகை. தாள் உருவான பிறகு ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுப்பது இன்னொரு வகை. நல்ல தாள்களில் இரண்டுமே இருக்கும். இந்தப் பசைதான் தண்ணீரைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் நீர்வண்ணக்காரரின் வேலை முழுவதும் நடக்கிறது.

பசை காலப்போக்கில் கெடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஈரப்பதமான அலமாரியில் பல வருடம் கிடந்த தாளில் வாஷ் போட்டால், அதாவது தண்ணீராகக் கரைத்த நிறத்தை ஒரு பரப்பு முழுக்கப் பூசினால், சீரான நிறத்துக்கு நடுவே அம்மைத் தழும்புபோல் அடர் புள்ளிகள் தோன்றும். பசை போன இடங்களில் தாள் வண்ணத்தை உள்ளே இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வழியில்லை, பென்சிலுக்கோ கரிக்கோலுக்கோ அந்தத் தாளை வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் நல்ல தாளைக் கிடைக்கும்போதெல்லாம் மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள் என்கிறேன். இருப்பதையும் பிளாஸ்டிக் உறையில் மூடி, ஈரம் படாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். விரல்நுனியால் தாளின் நடுவே அடிக்கடி தொடவும் கூடாது. கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் விலகும். அதுவரை எதுவும் தெரியாது, வாஷ் போட்டதும் கட்டைவிரல் ரேகை தெளிவாக எழுந்து வரும்.

இழை என்ன இழை என்பது அடுத்த கேள்வி. மலிவான தாள்கள் மரக்கூழில் ஆனவை, உயர்ந்தவை முழுப் பருத்தி இழையில் ஆனவை. பருத்தி இழை நீளமானது, உறுதியானது. தண்ணீரை மெதுவாக உள்வாங்கி, மெதுவாக விடும். அதனால் நமக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. தேய்த்தாலும் உரியாது, ஒரு அடுக்குக்கு மேல் இன்னொரு அடுக்கு என்று ஐந்தாறு முறை வண்ணம் ஏற்றினாலும் தாங்கும். நீர்வண்ணத்துக்கென்று செய்த மரக்கூழ்த் தாளுக்கும் ஒரு நன்மை உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது: வண்ணம் அதில் ஆழமாக இறங்காமல் மேலாகவே உட்காரும். அதனால் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்தால் ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும், நிறமும் சற்றுப் பளிச்சென்று தெரியும். கோட்டோவியத்துக்கு மேல் லேசாக நிறம் பூசுபவர்களுக்கு அது போதும். வானம், தண்ணீர், மூடுபனி என்று பெரிய ஈரப் பரப்புகளை ஆசைப்படுபவர்களுக்குப் போதாது. எந்தத் தாளாக இருந்தாலும் அட்டையில் “அமிலமற்றது” என்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சில வருடங்களில் மஞ்சளாகிவிடும்.

கனத்தை ஜிஎஸ்எம் என்று குறிப்பார்கள், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. நீர்வண்ணத்தில் அடிக்கடி காணும் எண்கள் 190 அல்லது 200, 300, 640. சில அட்டைகளில் 140 பவுண்டு என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் 300 ஜிஎஸ்எம்தான். 56க்கு 76 சென்டிமீட்டர் அளவுள்ள 500 தாள்களின் எடையைச் சொல்லும் பழைய வழக்கம் அது. ஒன்று கவனியுங்கள், கனம் வேறு, தரம் வேறு. 300 ஜிஎஸ்எம் மரக்கூழ்த் தாளும் உண்டு. அது அதிகம் நெளியாது, அவ்வளவுதான். நிறம் அதில் பஞ்சுத் தாளில் நடப்பதுபோல் நடக்காது. இந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

மேற்பரப்பு மூன்று விதம். சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தியது ஹாட் பிரஸ், வழவழப்பானது. சூடேற்றாமல் அழுத்தியது கோல்ட் பிரஸ், லேசான சொரசொரப்பு இருக்கும். அழுத்தாமலே கம்பளித் துணியின் தடத்தோடு காயவிட்டது ரஃப், மேடும் பள்ளமும் நன்றாகத் தெரியும். பிரிட்டனில் கோல்ட் பிரஸ் தாளுக்கு “நாட்” என்று பெயர், அதாவது ஹாட் பிரஸ் அல்ல என்பதன் சுருக்கம். பெயரே ஒரு மறுப்பாக அமைந்த வேறு பொருள் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

தொடங்குபவர் எதை வாங்குவது? கோல்ட் பிரஸ். அதன் சின்னப் பள்ளங்கள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாஷைச் சமன்படுத்தும், சிறு தவறுகளை மறைக்கும். ஹாட் பிரஸ் வழவழப்பாக இருப்பதால் எளிதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதுதான் கடினம். தண்ணீர் அதில் பிடிப்பில்லாமல் வழுக்கும், குளம் கட்டும், ஒவ்வொரு தயக்கமும் ஒரு கோடாகப் பதியும். தாவரப் படங்கள், முகங்கள் என்று நுணுக்கமாக வரையப் பழகிய கைக்கு அது நல்ல தாள். ரஃப், பாறைக்கும் மரப்பட்டைக்கும் அலைமேல் மின்னும் வெயிலுக்கும்.

இந்த மேற்பரப்பு விவகாரம் பழையது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியத் தாள்களில் கம்பி அச்சின் வரிகள் பதிந்திருக்கும், நிறம் அந்த வரிகளில் போய்த் தங்கும். அப்போது இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் நெருக்கமாக நெய்த கம்பி வலையில் தாள் வார்க்க ஆரம்பித்தார். வரிகள் மறைந்தன. அடுத்த தலைமுறைகளில் ஆங்கில ஓவியர் டர்னர் போன்றவர்கள் விரும்பி எடுத்தது வாட்மன் தாளைத்தான். தேய்த்தும் துடைத்தும் சுரண்டியும் டர்னர் செய்த சேட்டைகளைத் தாங்கத் தாளுக்கும் தெம்பு வேண்டியிருந்தது.

கடையில் தாள் மூன்று வடிவில் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பேட், நான்கு பக்கமும் ஒட்டிய பிளாக், தனித் தாள். பிளாக்கில் வரைந்தால் ஓரங்கள் இறுகப் பிடித்திருப்பதால் தாள் நெளிந்தாலும் காயும்போது மீண்டும் சமனாகிவிடும். காய்ந்த பிறகு மழுங்கிய கத்தியை நுழைத்துப் பிரித்தெடுக்கலாம். காசு மிச்சமாவது தனித் தாளில். 56க்கு 76 சென்டிமீட்டர் தாள் ஒன்றை மூன்று முறை பாதி பாதியாகப் பிரித்தால் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28க்கு 19. பயிற்சிக்கு அருமையான அளவு. துண்டைப் பலகையில் வைத்து நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் 300 ஜிஎஸ்எம் தாள் சமாளித்துக்கொள்ளும். அதைவிட மெல்லிய தாளென்றால் சில நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பலகையில் விரித்து, நனைத்து ஒட்டும் பசை நாடாவால் ஓரங்களை ஒட்டி, முழுக்கக் காயவிட்டு, அப்புறம் வரைய வேண்டும். காயும்போது தாள் சுருங்கி மத்தளத் தோல்போல் விறைத்துக்கொள்ளும். 640 ஜிஎஸ்எம் தாளுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம், அட்டைபோல் கிடக்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

ஈரத்தின் படிகள்

சரி, தாள் வந்துவிட்டது. இனிமேல்தான் விஷயமே. நீர்வண்ண உத்திகள் என்று புத்தகங்கள் பத்துப் பதினைந்து பெயர்களை அடுக்கும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்: தாளில் இப்போது எவ்வளவு ஈரம், தூரிகையில் எவ்வளவு ஈரம்?

ஒரு துண்டுத் தாளைச் சுத்தமான தண்ணீரால் நனைத்துவிட்டு, எதுவும் வரையாமல், கண்ணைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்தி, சன்னலின் வெளிச்சம் அதில் படுமாறு வைத்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் தேங்கி நிற்கும், பலகையைச் சாய்த்தால் ஓடும். கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்று, பரப்பு முழுக்கப் பளபளப்பாக மட்டும் இருக்கும். அப்புறம் அந்தப் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கும்; தாளின் சொரசொரப்பு மெல்லத் தலைகாட்டும், ஆனால் தாள் இன்னும் ஈரம். அடுத்து, பார்வைக்குக் காய்ந்ததுபோல் தெரியும், புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பும் போன பிறகுதான் உண்மையாகக் காய்ந்தது. இந்த ஐந்து கட்டங்களையும் கண்ணால் அடையாளம் காண ஒரு மாலைப்பொழுது செலவழித்தால் போதும். மலிவுத் தாளில் இந்தக் கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சட்டென்று முடிந்துவிடும், பஞ்சுத் தாளில் ஒவ்வொன்றும் தனித்தனியே நிதானமாக வரும்.

முழுக்கக் காய்ந்த தாளில் ஈரத் தூரிகை பட்டால் நிறம் தூரிகை தொட்ட எல்லையில் நிற்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். பளபளப்பாக இருக்கும்போது பட்டால் நிறம் புகைபோல் விரிந்து போகும், எல்லையே இருக்காது. மேகமும் மூடுபனியும் இப்படித்தான். பளபளப்பு மங்கிய கட்டத்தில் கெட்டியான வண்ணத்தை வைத்தால் கொஞ்சம் மட்டும் விரிந்து நின்றுவிடும். தூரத்து மரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தருணம் கிடையாது. நான்காவது கட்டத்தில், அதாவது பார்வைக்குக் காய்ந்து தொட்டால் சில்லென்று இருக்கும்போது, தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் செய்வது எதுவும் நன்றாக வராது. கீழ் அடுக்கு அரைகுறையாகக் கிளம்பிச் சேறாகும்.

இப்போது எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். வானத்துக்கு அழகாக நீலம் பூசியாயிற்று, பளபளப்பு மங்கிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் நிறம் கொஞ்சம் கம்மி என்று தோன்றுகிறது. தண்ணீர் நிறைந்த தூரிகையால் ஒரு தொடல். அடுத்த ஒரு நிமிடத்தில் அங்கே காலிஃபிளவர் ஒன்று பூக்கும், ஓரமெல்லாம் சுருள் சுருளாக, நடுவில் வெளுத்து. புதிதாக வந்த தண்ணீர் தன்னைவிடக் காய்ந்த பக்கத்தை நோக்கிப் பரவுகிறது, வழியில் இருக்கும் நிறமித் துகள்களைத் தள்ளிக்கொண்டே போய் எங்கே நிற்கிறதோ அங்கே கரை கட்டுகிறது. இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது, நீர்வண்ணத்தில் நான் மறக்காமல் வைத்திருக்கும் ஒரே விதி: ஈரத்தாளில் தூரிகையை வைக்கும்போது தாளில் இருப்பதைவிடத் தூரிகையில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் தூரிகையின் அடிமயிரை ஒரு பழந்துணியில் ஒற்றிவிட்டு வையுங்கள். அந்தத் துணி எப்போதும் இடது கையில் இருக்கட்டும், இடக்கைக்காரர் வலது கையில்.

காய்ந்த நிறக்கட்டத்தின் ஓரம் மட்டும் அடர்த்தியாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மேசையில் சிந்திய காபி காயும்போது வட்டத்தின் ஓரம் கருத்துவிடுவதும் இதே காரணத்தால்தான். ஓரம் வேகமாகக் காய்கிறது, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, துகள்களையும் கூடவே இழுத்துப் போகிறது. சிலருக்கு அந்தக் கரை பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், இலைக்கும் இதழுக்கும் அது தானாகவே ஒரு கோடு போட்டுத் தருகிறது.

கையைப் பழக்க

முதலில் பழக வேண்டியது சமமான வாஷ். பார்க்க ஒன்றுமில்லாத வேலை, ஆனால் இதில்தான் எல்லாம் இருக்கிறது. பலகையின் தலைப்பக்கத்துக்குக் கீழே ஒரு புத்தகத்தை வைத்துச் சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் என்று நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு வண்ணத்தைக் கரைத்து வையுங்கள். நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலக்கினால் அதே நிறம் வராது, அதற்குள் தாளும் காய்ந்துவிடும். தூரிகையை நிறைய நனைத்து, காய்ந்த தாளில் மேலே இடமிருந்து வலமாக ஒரு பட்டை. சாய்வினால் அந்தப் பட்டையின் கீழ் ஓரத்தில் வண்ணம் திரண்டு, உருண்ட ஒரு நீர்க்கோடாக நிற்கும். அந்தத் திரளை மட்டும் பாருங்கள். அடுத்த பட்டையைத் திரளை மெல்லத் தொட்டபடி இழுத்தால் அது ஒரு படி கீழே இறங்கி வரும். மறுபடி இன்னொரு பட்டை. தூரிகை தாளை அழுத்தக் கூடாது, திரளை இறக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். திரள் மெலிந்தால் தூரிகையை நிரப்புங்கள், வழிந்துவிடும்போல் இருந்தால் சாய்வைக் குறையுங்கள். அடிவரை வந்ததும் தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு, எஞ்சிய திரளை அதன் நுனியால் உறிஞ்சி எடுங்கள். அப்புறம் எழுந்து போய்விடுங்கள். உட்கார்ந்திருந்தால் எதையாவது சரிசெய்யத் தோன்றும், திருத்தப் போன இடமெல்லாம் தழும்பாகும்.

இதே வேலையில் ஒவ்வொரு பட்டைக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால் மேலே அடர்ந்து கீழே வெளுக்கும் வாஷ் கிடைக்கும். வானம் உண்மையிலும் அப்படித்தான் இருக்கிறது, உச்சியில் ஆழ்ந்த நீலம், அடிவானத்தில் வெளிறல்.

அடுத்தது அடுக்கு. முழுக்கக் காய்ந்த நிறத்தின் மேல் மெல்லிய இன்னொரு நிறம். கீழே மஞ்சள், மேலே நீலம், கண்ணுக்குப் பச்சை. தட்டில் கலக்கிய பச்சையைவிட அதில் உயிர் அதிகம். இங்கே பொறுமைதான் உத்தி. கீழ் அடுக்கு முழுக்கக் காயாமல் மேலே போனால் இரண்டும் கலங்கும். ஹேர் டிரையர் பயன்படுத்தலாம், ஆனால் பளபளப்பு போன பிறகு மட்டும், இல்லாவிட்டால் காற்று தண்ணீரை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிடும். நிறம் காயும்போது வெளுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஈரத்தில் சரியாகத் தெரிவது காய்ந்ததும் சோகையாக இருக்கும். முதல் வருடப் படங்கள் எல்லாருக்கும் வெளிறித்தான் இருக்கும், பயமில்லாமல் அடர்த்தியாகக் கரைக்கக் கொஞ்சம் துணிச்சல் வர வேண்டும்.

வறண்ட தூரிகை: வண்ணம் கெட்டியாக, தண்ணீர் குறைவாக, தூரிகையைப் படுக்கவைத்து ரஃப் தாளில் விரைவாக ஓர் இழுப்பு. மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாக மின்னும். ஒற்றி எடுத்தல் என்பது காய்ந்த நிறத்தைச் சுத்தமான ஈரத் தூரிகையால் நனைத்துத் துணியால் எடுப்பது. இது எவ்வளவு வரும் என்பது தாளையும் நிறமியையும் பொறுத்தது. தாலோ நீலம் இழையோடு ஒட்டிக்கொண்டு வராது, அல்ட்ராமரைன் நீலம் பெரும்பாலும் வந்துவிடும். வெள்ளையைக் காக்க மாஸ்கிங் திரவம் உண்டு. ரப்பர் பால் அது, காய்ந்த பின் தேய்த்து உரிக்கலாம். தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளாவிட்டால் தூரிகையைக் குப்பையில் போட வேண்டியதுதான். மட்டமான தாளில் உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும், அதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஈரத்தில் உப்புத் தூவுவது, பிளாஸ்டிக் தாளைக் கசக்கி வைப்பது எல்லாம் ஒருநாள் விளையாட்டு, செய்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

வண்ணத்துக்கு நான்கே நான்கு போதும்: ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. கடைசி இரண்டையும் கலந்தால் மழைமேகச் சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை எல்லாம் கிடைக்கும், கறுப்பு வண்ணமே வாங்க வேண்டாம். குழாயின் பெயரை நம்பாமல் பக்கவாட்டில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். உதாரணமாக பிஆர் 83 என்று இருந்தால் அது அசல் அலிசரின் கிரிம்சன், அழகான சிவப்பு, ஆனால் வெளிச்சத்தில் மங்கிவிடும். தூரிகை ஒன்று, 8 அல்லது 10ஆம் எண் உருண்டைத் தூரிகை, நனைத்து உதறினால் நுனி கூர்மையாகச் சேர வேண்டும். தண்ணீருக்கு இரண்டு குவளை, கழுவ ஒன்று, எடுக்க ஒன்று.

தாளல்லாத பரப்புகள்

தாளில் கை கொஞ்சம் பழகிய பிறகு வேறு பரப்புகள் ஆசை காட்டும். பாலிபுரொப்பிலீனால் செய்த யூப்போ என்ற செயற்கைத் தாள் தண்ணீரைச் சொட்டுக்கூட உறிஞ்சாது. நிறம் மேலேயே குளமாகக் கிடந்து, தன் இஷ்டத்துக்குக் காயும். பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெள்ளையிலிருந்து தொடங்கலாம். ஆனால் அடுக்குப் போட முடியாது, இரண்டாவது அடுக்கு முதல் அடுக்கைக் கரைத்துவிடும். நேர்மாறானது சீனத்து ஷுவான் தாள். பசை ஏற்றாத வகையில் தூரிகை தொட்ட கணமே நிறம் உள்ளே போய்விடும், திருத்தமே கிடையாது; அதற்கென்றே ஒரு கைப்பழக்கம் வளர்ந்திருக்கிறது. தாவர ஓவியர்கள் சிலர் இன்றும் கன்றுத்தோலில் வரைகிறார்கள். தோல் தண்ணீரை ஏற்காது என்பதால் ஏறக்குறைய உலர்ந்த நுண்தூரிகையால் கோடு கோடாக நிறத்தை ஏற்றுகிறார்கள்.

கேன்வாஸில் வரையலாமா என்று கேட்பவர்கள் அதிகம். அப்படியே வரைந்தால் நிறம் பிடிக்காமல் மணிமணியாக உருளும். நீர்வண்ணத்துக்கென்று உறிஞ்சும் தன்மையுள்ள பூச்சு ஒன்று விற்கிறார்கள். கேன்வாஸ், மரப்பலகை எதிலும் இரண்டு கை மெல்லியதாகப் பூசி, ஒரு நாளாவது காயவிட்டு வரையலாம். அதில் நிறம் எளிதாகக் கிளம்பிவிடும், ஆகவே முடிந்த படத்துக்கு மேல் காப்புப் பூச்சு தெளிக்க வேண்டும். தாளில் வரைந்ததைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்தால் போதும், கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அட்டை ஓரம் இருக்கட்டும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். மேலே சொன்ன டியூரரின் முயலை வியன்னாவில் உள்ள ஆல்பெர்டினா அருங்காட்சியகம் எப்போதாவதுதான் வெளியே எடுத்துக் காட்டுகிறது, வெளிச்சத்துக்குப் பயந்து.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன், நான் இன்றும் செய்வது. எட்டாகப் பிரித்த பஞ்சுத் தாளில் ஒரு துண்டை எடுத்து டேப்பால் ஆறு கட்டமாகப் பிரியுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் தண்ணீரால் நனையுங்கள். முதல் கட்டத்தில் உடனே ஒரு துளி நீலம். இரண்டாவதில் ஒரு நிமிடம் கழித்து, மூன்றாவதில் இன்னும் இரண்டு நிமிடம் கழித்து, இப்படியே காயும்வரை. ஒவ்வொன்றின் கீழும் நேரத்தையும் அப்போது தாள் எப்படித் தெரிந்தது என்பதையும் பென்சிலால் எழுதுங்கள்: “பளபளப்பு”, “ஓரம் மங்கியது”, “சில்லிப்பு”. முழுக்கக் காய்ந்ததும் டேப்பைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். தாளின் பெயரையும் கனத்தையும் பின்பக்கம் குறித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். மழை நாளில் அதே தாள் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம், அப்போது இன்னொரு துண்டு செய்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.